கோழி கூட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, நோயா அடையா? குஞ்சு பொரிக்க வைக்க என்ன ஏற்பாடு வேண்டும்?

வியாசர்பாடியில் மொட்டை மாடியில் இரண்டு நாட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வளர்ப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் ஒரு பெட்டை சில நாளாகக் கூட்டிலேயே உப்பிக்கொண்டு படுத்திருக்கிறது, கை வைத்தால் கொத்துகிறது, தீனி குறைந்துவிட்டது, நோயோ என்று பயமாக இருக்கிறது என்றும், அடை என்றால் குஞ்சு எடுக்க ஆசை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நோய் இல்லை, அடைக்கு வந்திருக்கிறது, அதாவது முட்டை மேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கத் தயாராகிவிட்டது. நோய்க்கோழி தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும், தூக்கினால் எதிர்க்காது. அடைக்கோழி கிட்டே போனாலே இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். வயிற்றுப் பக்கம் தொட்டுப் பாருங்கள், முடி உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். நாளைக்கு ஒரு தடவை இறங்கி வந்து, நாற்றம் குடலைப் பிடுங்குகிற மாதிரி பெரிசாக ஒரு எச்சம் போடும். அதைப் பார்த்துவிட்டுக் கழிச்சல் என்று மருந்து வாங்க ஓடுகிறவர்கள் நிறைய. கூட்டை அசிங்கம் பண்ணக் கூடாது என்று நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். நிஜமான கழிச்சல் பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணியாக, அடிக்கடி போகும்.

சரி, அடை வைக்கலாம். ஆனால் ஒன்று, நடுவில் இருக்கிற 21 நாள் வேலை கோழிக்குத் தெரியும், அதில் நம் கை எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. நமக்கு வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். இன்னொன்று, புத்தகத்தில் எல்லாம் குஞ்சுக்கு எப்படிச் சூடு கொடுப்பது என்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், நம்ம பக்கத்து மாடிகளில் வருடத்தில் பாதி நாள் பிரச்சினை சூட்டைக் குறைப்பது.

முட்டையிலேயே அது ஆரம்பித்துவிடும். கரு உள்ள முட்டையைச் சுற்றி 27 டிகிரியைத் தாண்டினாலே, கோழி ஏறி உட்காராமலேயே உள்ளே லேசாக வளரத் தொடங்கிவிடும். முழுசாக வளர அந்தச் சூடு போதாது, சும்மா கிடக்கும் அளவுக்குக் குளிர்ச்சியும் இல்லை, அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். மழைக்காலத்தையும் மார்கழி ராத்திரியையும் விட்டால் நம் வீட்டுக்குள் எப்போது 27-க்குக் கீழே இருக்கிறது? அதனால்தான் பத்து நாள் பதினைந்து நாள் என்று சேர்த்து வைத்த முட்டையை அடை வைத்துவிட்டு, கோழி சரியில்லை, ராசி சரியில்லை என்று புலம்புகிறார்கள். வெயில் காலத்தில் மூன்று, நான்கு நாளுக்குள் இட்ட முட்டையாக எடுங்கள், குளிர் காலத்தில் ஒரு வாரம் வரைக்கும் போகலாம். ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், அந்தக் குளிரில் பொரியும் திறன் விழுந்துவிடும். எங்கள் ஆயா கொருக்குப்பேட்டை வீட்டில் அகலமான மண்சட்டியில் மணல் கொட்டி ஈரமாக்கி, மேலே சாக்குத் துண்டு விரித்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து அதில் முட்டையை அடுக்கும். கூர் முனை கீழே இருக்கணும் என்று கறாராகச் சொல்லும். அகலமான முனையில் காற்றறை இருப்பதால் அது மேலே இருப்பதுதான் சரி.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே இறங்கும். எச்சம் அப்பியிருந்தால் அந்த முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையில் கருவே இருக்காது, அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. முட்டை சேரும்வரை கோழிக்கு அடியில் ஒன்றிரண்டு பழைய முட்டை இருக்கட்டும், அடை கலையாது. அப்புறம் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றி வையுங்கள். இன்று இரண்டு நாளைக்கு மூன்று என்று வைத்தால் குஞ்சும் அதே மாதிரி பிரிந்து பிரிந்து வரும், தாய் முதல் குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடும், மீதி உள்ளேயே சாகும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், உங்கள் இன்னொரு பெட்டை அதே கூட்டில் போய் முட்டை இட்டுவிட்டு வரும், கோடு இல்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். எண்ணிக்கை, சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) அளவுக் கோழி என்றால் பத்து, பன்னிரண்டு. ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டம் இல்லை. ஓரத்தில் ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு.

இடம்தான் உங்களுக்குப் பெரிய தலைவலி. மொட்டை மாடித் தளத்தின் மேல் நேராக வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் அந்தத் தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியிலும் வேண்டாம். முட்டைக்குள் 40 டிகிரிக்கு மேல் நீடித்தால் கரு தாங்காது, கோழியும் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து எழுந்து போகும். மாடிப்படி அடி, வராண்டா மூலை, தண்ணீர்த் தொட்டி நிழல், ஏதாவது ஒன்று. மூங்கில் கூடையோ அகலமான மண்சட்டியோ எடுத்து, அடியில் மூன்று விரல்கடை மணல், அதன் மேல் வைக்கோல். அடிப்பகுதி நடுவில் லேசாகக் குழிவாக இருந்தால் முட்டை உருளாது. காசிமேட்டில் பழைய மீன் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதில் வைக்கிறார்கள், எத்தனை தரம் கழுவினாலும் அந்த வாசனை போகாது, தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் உங்கள் மாடிக்கு வரும்.

பூனையைவிட மோசம் பெருச்சாளி. வடசென்னையில் கால்வாயும் திறந்த சாக்கடையும் பக்கத்தில் இல்லாத தெரு எது? கோழி வலை என்று விற்கும் பெரிய கண்ணி வலைக்குள் எலி தாராளமாகப் போகும், அரை இஞ்சு கண்ணி கம்பி வலை வாங்குங்கள். எறும்பையும் மறக்காதீர்கள், ஓடு விரிசல் விட்டதும் அந்த ஈர வாசனைக்கு சாரை சாரையாக வரும், வெளியே வரமுடியாமல் இருக்கும் குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். கூடையை ஒரு ஸ்டூலில் ஏற்றி, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வைப்பது நல்ல வழி, ஆனால் குஞ்சு வந்த அன்று கீழே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் விழும். எறும்பு சாக்பீஸ் பூச்சிக்கொல்லி, கூட்டுக்குப் பக்கத்தில் கிழிக்க வேண்டாம்.

வைக்கோலுக்கு அடியில் ஒரு கை வேப்பிலையோ நொச்சியோ போடலாம். அடைக்கோழி நகராமல் கிடப்பதால் பேன் சேரும், பேன் தொல்லை தாங்காமல் பாதியில் அடையை விட்டு எழுந்துபோன கோழிகள் உண்டு. இறங்கி வரும்போது புரள மணலும் சாம்பலும் கலந்த ஒரு தட்டு இருந்தால் பாதிப் பேனை அதுவே உதிர்த்துவிடும். இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் வைத்தால் இடி இடித்தாலும் முட்டை கெடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வைத்துவிடுங்கள், வீட்டில் சண்டை வராது.

அடை வைத்த பிறகு தீனியும் தண்ணீரும் இரண்டடி தூரத்தில் எப்போதும் இருக்கட்டும். கம்பு, சோளம், கேழ்வரகு, நொய் மாதிரி தானியம் போதும். கோழி ஒரு நாளில் கால் மணி, இருபது நிமிஷம் எழுந்து போகும், முட்டை ஆறிவிடும் என்று பதறி விரட்டி உட்கார வைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவே இல்லை என்றால் மட்டும் மெதுவாகத் தூக்கி தீனிக்குப் பக்கத்தில் விடுங்கள். தூக்கும் முன் இறகுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள், இல்லையென்றால் முட்டை ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழும்.

ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகலமான முனையை வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு சிலந்திக் கால் மாதிரி விரிந்திருந்தால் கரு கூடியிருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கூமுட்டை, கரு கூடவே இல்லை. ரத்தம் ஒரு வளையமாக நின்றிருந்தால் கரு செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெயிலில் அழுகி வெடித்து மற்ற முட்டைகளின் மேல் படும். பதினான்காம் நாள் இன்னொரு தடவை பார்க்கலாம், அப்போது காற்றறை தவிர முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். 18-ஆம் நாளுக்கு மேல் தொடவே தொடாதீர்கள்.

இருபதாம் நாள் வாக்கில் உள்ளே கீச் சத்தம் கேட்கும், கோழியும் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 மணியிலிருந்து 24 மணி நேரம்கூட ஆகும். இந்த இடத்தில்தான் வீட்டில் யாராவது ஓட்டை உரித்துவிடுவார்கள். குஞ்சு அந்த நேரத்தில் மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், ஓட்டின் உள்தோலில் ரத்த ஓட்டம் அடங்கியிருக்காது, உரித்தால் ரத்தம் போய் அங்கேயே முடிந்துவிடும். மஞ்சள் கரு உள்ளே போய்விட்டதால் இரண்டு நாள் வரை தீனி தண்ணீர் இல்லாமலும் குஞ்சு தாங்கும், எனவே கடைசிக் குஞ்சு வரும்வரை தாயைக் கிளப்ப வேண்டியதில்லை. 23-ஆம் நாளுக்கு மேல் பொரியாத முட்டை இனி பொரியாது.

குறைவாகத்தான் பொரிந்தது என்றால், வெளியில் இருந்து ஒரு நாள் குஞ்சு வாங்கி ராத்திரி இருட்டில் தாயின் இறகுக்கு அடியில் நுழைத்துவிடலாம், வயது ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சைக்கிளில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் வேண்டாம். பெரும்பாலும் அது முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சு, வெயிலில் சுற்றிச் சுற்றி ஏற்கெனவே பாதி உயிர் போயிருக்கும், நோயையும் கொண்டுவரும்.

குஞ்சுக்குத் தாய் இருக்கும்போது பல்பு தேவையில்லை, நாலு நாள் விடாமல் மழை அடித்தால் மட்டும் யோசிக்கலாம். தரையில் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் இரண்டும் அகன்றுவிடும், உமியோ சாக்கோ போடுங்கள். தண்ணீரை ஜாடி மூடி மாதிரி ஆழமில்லாத ஒன்றில் ஊற்றி நடுவில் கூழாங்கல் போடுங்கள், ஒரு நாள் குஞ்சு அரை இஞ்சுத் தண்ணீரிலும் மூழ்கும். தீனிக்கு சிக் ஸ்டார்ட்டர் என்று கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் நல்லது, வெறும் நொய்யில் புரதம் போதாது. தாயும் அதையே தின்னட்டும். முட்டைக்கோழித் தீவனம் மட்டும் குஞ்சு வாயில் படக் கூடாது, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பகலில் பஞ்சாரத்துக்குள் (கவிழ்க்கிற மூங்கில் கூடை) தாயோடு கவிழ்த்து வையுங்கள், மாடியில் காக்கா ஒரு நொடியில் தூக்கிவிடும். பஞ்சாரத்தைத் தினமும் காய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தில் விட்டால் மூன்று, நான்கு வாரக் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூட்டம் காலியாகும்.

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து முதல் வாரத்திலேயே, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பாட்டில் நூறு டோஸ் கணக்கில்தான் வரும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், எட்டுக் குஞ்சுக்காக நீங்கள் தனியாக வாங்குவது வீண். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், அல்லது தெருவில் கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். குஞ்சு சோர்ந்து போனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

இரண்டு மாதம் வாக்கில் தாய் தானே கொத்தி விரட்டி மறுபடி முட்டைக்குத் தயாராகிவிடும். குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும், மூன்று நான்கு மாதத்தில் விடிகாலையில் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கூவும். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால், ஹவுஸ் ஓனரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.