பனி விலகிய ஸ்காண்டிநேவியாவில் முதல் குடிகள்: கேள்வி பதில்

கேள்வி: பனி உருக உருக மக்கள் அதன் ஓரமாகவே வடக்கே போனார்களா?

பதில்: ஒரே வழியாக வரவில்லை. உள்நாட்டில் பனிப்பாளம் கிடந்தபோதே, 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, தெற்கிலிருந்து கடல்வழியே, அநேகமாகத் தோல் போர்த்திய படகுகளில், வந்தவர்கள் நார்வேயின் கரையில் கூடாரம் போட்டுவிட்டார்கள். பின்னர் ரஷ்யப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. கொம்பு முனையால் கல்லை அழுத்தி கத்தி போன்ற மெல்லிய சில்லுகளைப் பெயர்த்தெடுப்பது இவர்கள் கைவேலை. இரு கூட்டமும் கலந்ததற்கு மரபணுச் சான்று உண்டு. சுவீடனின் ஹுசேபி க்ளேவில் யாரோ மென்று துப்பிய பிர்ச் மரப் பிசினிலிருந்துகூட மரபணுவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: கடலோடிகள் என்கிறீர்கள். தடயங்கள் ஏன் காட்டுக்குள் கிடைக்கின்றன?

பதில்: பனியின் பாரம் நீங்கியதும் நிலம் எழும்பிவிட்டது. சுவீடனின் ஹோகா குஸ்தெனில் பழைய கரைக்கோடு இன்று 285 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்போதும் ஆண்டுக்கு சுமார் 8 மில்லிமீட்டர் உயர்கிறது. இன்றைய வரைபடத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: என் மரபணுப் பரிசோதனையில் ஸ்காண்டிநேவியா 2% என்று வந்தது. இவர்கள் என் முன்னோரா?

பதில்: பரிசோதித்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: படகே கிடைக்காதபோது தோல்படகு என்பது கற்பனைதானே?

பதில்: கற்பனை அல்ல, ஊகம். நடந்து போக முடியாத தீவுகளில் குடியிருந்திருக்கிறார்கள். அன்றைய நார்வேக் கரையில் குடைந்து படகாக்கும் பருமனில் மரம் இல்லை, சீல் தோலுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: கரை ஒதுங்கிய மரத்தைக் குடைந்திருக்கலாமே?

பதில்: ஒன்றிரண்டு படகுக்குச் சரி. ஒரு கரை முழுவதும் ஓடித் திரிந்தவர்கள், அலை எப்போது மரம் கொண்டுவரும் என்று காத்திருந்திருப்பார்களா?

கேள்வி: அப்படியானால் நேரடிச் சான்று எதுவுமே இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

பதில்: நேரடியாக இல்லை, மறைமுகமாக ஒன்று உண்டு. 1913இல், அன்று பின்லாந்தில் இருந்த அந்த்ரேயாவில், புல்வெளியைத் தோண்டிய விவசாயிக்கு ஒரு மீன்வலை கிடைத்தது. வயது 10,000 ஆண்டுகளுக்கு மேல். வில்லோ மர நாரை முடிச்சிட்டுப் பின்னியது, நீளம் சுமார் 30 மீட்டர். பைன் பட்டை மிதவைகளும் கல் குண்டுகளும் வரிசையாகக் கிடந்தன. கூடவே கல், எலும்புக் கருவிகள். அந்தப் புல்வெளி அன்று நீருக்கடியில் இருந்தது. படகு கவிழ்ந்து எல்லாம் ஒன்றாக மூழ்கின என்பதே பலர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேள்வி: அந்த்ரேயா கடலிலிருந்து தூரமாயிற்றே? வரைபடத்தில் பார்த்தேன்.

பதில்: எந்த வரைபடத்தில்? இரண்டாவது பதிலைப் படியுங்கள்.