பெருந்தொற்று வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் படுக்கைகளைக் கூட்டினால் போதுமா?

போதாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எத்தனை கட்டில் போட்டாலும், எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் தாங்காது, அதனால் பாதி வேலை வெளியே, ஊருக்குள்தான் நடக்க வேண்டும். கொரோனா நேரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்கள், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரி, லேசான தொற்று என்றால் வீட்டுத் தனிமை. இந்தப் பிரிப்பு சரியாக நடந்தால்தான் ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு இடம் கிடைக்கும். தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறையும், 1939-லேயே வந்த தனிச் சட்டமும் இருப்பது இதற்குப் பெரிய பலம்.

நம் மாவட்டத்துக்கு எல்லையும் ஒரு சிக்கல். களியக்காவிளை தாண்டி வேலைக்கும் சிகிச்சைக்கும் திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள் ஏராளம். கடற்கரை ஊர்களிலோ வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, அங்கே தனி அறைக்கு எங்கே போவது? தனி முகாம்தான் வழி.

அப்புறம் ஆட்கள். முழுக் கவச உடைக்குள் மணிக்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. கட்டிலை ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம், ஐசியு-வில் கை தேர்ந்த நர்ஸ் உருவாக வருஷங்கள் ஆகும். அப்படிப்பட்டவரைத் தற்காலிகமாக எடுத்து, அலை ஓய்ந்ததும் அனுப்பிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.