வாசகர் கேள்வி - பதில்: சாவுக் கணக்கும் வரிக் கணக்கும்

கேள்வி: அப்பா போன மாதம் தனியார் மருத்துவமனையில் இறந்தார். மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழில் பெயர், தேதி, இடம் எல்லாம் இருக்கிறது, எதனால் இறந்தார் என்பது மட்டும் இல்லை. திருத்தச் சொல்ல வேண்டுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா, அது விட்டுப்போனது இல்லை. 1969-ம் வருடத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு, சாவின் காரணம் பதிவேட்டில் இருக்கலாம், வெளியே கொடுக்கும் சான்றிதழில் இருக்கக் கூடாது என்று சொல்கிறது. காரணம் எழுதும் தாள் வேறு. படிவம் 4 என்று பெயர், மருத்துவமனைதான் நிரப்பும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, அதில் ஒரு பிரதியை நெருங்கிய உறவினரான உங்களுக்கும் அவர்கள் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் படித்துப் பாருங்கள். முதல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்தது எது, அதற்குக் கீழே அது எதனால் வந்தது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமான நோய். புள்ளிவிவரத்துக்குப் போவது அந்த மூல நோய்தான். என் பெரியப்பா இறந்தபோது டூட்டி டாக்டர் முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதிவிட்டு, கீழே இருந்த வரிகளில் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தார். பெரியப்பாவுக்கு 20 வருடச் சர்க்கரை, வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். இதயமும் மூச்சும் நிற்பது எல்லாச் சாவிலும் நடப்பது, அதைக் காரணமாக எழுதக் கூடாது என்றுதான் மருத்துவர்களுக்கு விதியே இருக்கிறது. தமிழ்நாட்டின் சர்க்கரை நோய்க் கணக்கில் ஏற வேண்டிய ஒரு உயிர் அந்தக் கோட்டில் காணாமல் போனது, இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

கேள்வி: டாஸ்மாக் வருமானம் இத்தனை கோடி என்று வருடா வருடம் சட்டசபையில் சொல்கிறார்கள். குடியால் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஏன் சொல்வதில்லை? மறைக்கிறார்களா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: மறைக்கிறார்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். மறைக்கவே தேவைப்படாதபடி கணக்கு சிதறிக் கிடக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் கோபம் தருகிறது.

பணத்திலிருந்து தொடங்குவோம். 2022-23-ல் 44,121 கோடி, 2023-24-ல் 45,855 கோடி ரூபாய். இது ஒரே தலைப்பில் வருவதில்லை. ஆயத்தீர்வை ஒரு பக்கம், வாட் வரி இன்னொரு பக்கம், மொத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாட்தான். பட்ஜெட் புத்தகத்தில் ஆயத்தீர்வையை மட்டும் பார்க்கிறவர் கால் பங்கைத்தான் பார்க்கிறார். ஆனாலும் இதைக் கூட்டிச் சொல்ல ஆள் இருக்கிறது, மதுவிலக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் கோடி, லட்சம் வரைக்கும் அச்சாகிறது.

சாவுக்கு அப்படிக் கூட்டுகிறவர் இல்லை. குடித்துக் குடித்துக் கல்லீரல் சுருங்கிச் செத்தவர், நோய்களின் சர்வதேசப் பட்டியலில் கே-70 என்ற எண்ணில், செரிமான மண்டல நோய்களோடு போய்ச் சேர்கிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தவர் சாலை விபத்துக்குப் போகிறார். அதிலும் 2022-ல் நாடு முழுக்க 71.2% உயிரிழப்பை 'அதிவேகம்' என்ற தலைப்பே எடுத்துக்கொண்டது, வண்டியை அந்த வேகத்துக்கு விரட்டியது எது என்ற கேள்வி அதற்குள் அடங்கிப்போகிறது. தற்கொலைக் கணக்கில், அதே வருடம் போதைப் பழக்கமும் குடியும் சேர்ந்து 6.8%, குடும்பப் பிரச்சினை 31.7%. அந்தக் குடும்பப் பிரச்சினைகளில் எத்தனை வீட்டில் பாட்டில் இருந்தது என்று எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தது நாட்டுக்கே தெரிந்தது, ஏனென்றால் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒரே காரணத்தால் செத்தார்கள். உங்கள் வியாசர்பாடியில் மாதத்துக்கு ஒருவராகப் போகிறவர்களுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

இன்னொன்று, 2020-ல் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தது 22.5%தான். தமிழ்நாடு இந்தச் சராசரியைவிட மேலே இருக்கிறது, சரி, அது போதாது.

முடியாத வேலை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2020-ல் சென்னையில் கொரோனா சாவு எண்ணிக்கையில் சந்தேகம் வந்தபோது ஒரு குழு போட்டு, மாநகராட்சி இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்ட 444 சாவுகளை ஜூலையில் மாநிலக் கணக்கில் சேர்த்தார்கள். அதே மாதிரி குடிச் சாவுகளை எண்ணவும் ஒரு குழு போடட்டும்.

கேள்வி: டாஸ்மாக் காசு இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியே நடக்காது என்கிறார் என் நண்பர். உண்மையா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதி உண்மை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலம் தானே விகிதம் வைக்கும் பெரிய வரிகள் கொஞ்சம்தான், மது, பெட்ரோல், டீசல், பத்திரப்பதிவு, வாகனம் என்று. 15-வது நிதிக்குழு கணக்கில், மத்திய அரசு தன் வரியிலிருந்து மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் 100 ரூபாயில் தமிழ்நாட்டுக்கு வந்தது 4 ரூபாய் 8 காசு. நெருக்கடி நிஜம். ஆனால் உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் குடியால் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கிப் படுத்திருப்பவருக்கு ஆகும் செலவை அந்த 45,855 கோடியில் யார் கழித்துப் பார்த்தார்கள்? வரவு மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை.

கேள்வி: சாலை விபத்தில் தமிழ்நாடுதான் முதலிடமாமே?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: 2022-ல் விபத்து எண்ணிக்கையில் முதலிடம், 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் முதலில், 22,595 பேர், நாம் 17,884. சின்ன விபத்தையும் ஒழுங்காகப் பதிகிற மாநிலம் பட்டியலில் மேலே தெரியும். ஆனால் 17,884 என்பது ஒரு நாளைக்கு 49 வீடு.

கேள்வி: பாட்டி வீட்டிலேயே இறந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் 'முதுமை' என்று எழுதிக் கொடுத்தார். மயானத்தில் ஏற்றுக்கொண்டார்கள். இது போதுமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் சட்டத்துக்குப் போதும். கணக்கில் அது 'தெளிவற்ற காரணம்' என்ற மூட்டைக்குள் போகும். வீட்டில் நடக்கும் சாவுக்குப் படிவம் 4ஏ உண்டு, கடைசியாகப் பார்த்த மருத்துவர் நிரப்ப வேண்டியது. அவருக்கு நோயாளியின் பழைய கதை தெரியாதபோதுதான் முதுமை என்று எழுதுகிறார். வீட்டில் வயதானவர்கள் இன்னும் இருந்தால், அவர்களுடைய மாத்திரைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். டாக்டர் வந்ததும் அந்தப் பையை முதலில் அவர் கையில் கொடுங்கள்.