கேளுங்கள், சொல்கிறேன்: மேட்ச் இல்லாத நாளில் ஸ்டேடியம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி ஸ்டேடியத்தைப் பற்றியவை. இருபத்தாறு வருடம் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. சரி, ஆரம்பிக்கலாம்.

கே: பெரிய ஸ்டேடியம் வந்தால் சுற்றுவட்டாரமே வளர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா சார்?

ப: கட்டி முடிக்கிற வரைக்கும் வேலை இருக்கும், அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகுதான் சிக்கல். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் ஆடுவது எட்டு, ஒன்பது லீக் ஆட்டங்கள்தான். மிச்ச நாளெல்லாம் கச்சேரி, கண்காட்சி என்று எதையாவது பிடித்துப் போட்டு ஓட்ட வேண்டும். மேட்ச் அன்று கூட்டம் வருகிறது, செலவழிக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் மேட்ச் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அவர்கள் கிணற்றிலா போட்டிருப்பார்கள்? சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போயிருப்பார்கள். வலது பையில் இருந்தது இடது பைக்கு வந்ததை வளர்ச்சி என்று எழுதிக்கொள்கிறோம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பாலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1997-இல் இதைத் தோண்டித் துருவிப் பார்த்தார்கள். அரசு போட்ட பணத்துக்கு ஏற்ற வருமானம் தந்த அரங்கம் என்று சொல்ல ஒன்றுகூடத் தேறவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கதையைக் கேளுங்கள். கிங்டோம் என்ற கூரை போட்ட ஸ்டேடியத்தை 1976-இல் திறந்தார்கள். 1994-இல் ஒரு மேட்சுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் கூரையின் உட்பக்கத்து ஓடுகள் பெயர்ந்து, நல்ல வேளையாக, காலி இருக்கைகள் மேல் விழுந்தன. கடன் வாங்கிச் சரி செய்தார்கள். ஆறே வருடத்தில், 2000 மார்ச்சில், மொத்தக் கட்டடத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கடன் அடைந்தது எப்போது தெரியுமா? 2015-இல். பதினைந்து வருடம் இல்லாத கூரைக்குத் தவணை! வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கே: இதையெல்லாம் பத்திரிகைகள் ஏன் எழுதுவதில்லை? திறப்பு விழா அன்று முழுப்பக்கப் புகழ்ச்சிதான் வருகிறது.

ப: குட்டு எனக்கும் சேர்த்துத்தான், வாங்கிக்கொள்கிறேன். ஓர் அரங்கத் திறப்புக்கு நாங்கள் சிறப்பு மலர் போட்டோம். அந்த அரங்கத்தில் வண்டி நிறுத்த இடம் போதாது என்று நான் ஒரு கட்டுரை கொடுத்தேன். 'இடமில்லை' என்று திரும்பி வந்தது. அன்றைய மலரில் என் கணக்குப்படி பதினாறு பக்கத்தில் பதினொன்று விளம்பரம். மறுநாள் ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் செய்தியாளர்களுக்கு என்னைவிட முதுகெலும்பு உறுதி. 1999 அக்டோபரில் அந்தப் பத்திரிகை ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற புது அரங்கத்துக்காகத் தன் ஞாயிறு இதழையே சிறப்பு மலராக்கியது. அதில் கிடைக்கும் விளம்பர வருமானத்தை அந்த அரங்கத்தோடு பங்கு போட்டுக்கொள்ள நிர்வாகம் ஒப்பந்தம் செய்திருந்தது. மலருக்கு எழுதியவர்களுக்கு இது தெரியாது. விஷயம் வெளியே வந்ததும் முந்நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொதித்தார்கள். பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில் அதே பத்திரிகை, தன் தவற்றைத் தானே விசாரித்துப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. செய்தி எழுதுகிறவனுக்கும் செய்தியில் வருகிறவனுக்கும் ஒரே உண்டியல் என்றால் வேறென்ன நடக்கும்?

கே: சாக்கடை அடைத்துக் கிடக்கும்போது அரசியல்வாதிகளுக்கு ஸ்டேடியத்தின் மேல் ஏன் இவ்வளவு ஆசை?

ப: சாக்கடையில் கல்வெட்டு வைத்தால் யார் குனிந்து படிப்பார்கள்? கனடாவின் மாண்ட்ரியல் மேயர் ழான் டிராப்போ, ஓர் ஆம்பளை வயிற்றில் சுமந்து பிள்ளை பெற்றாலும் பெறுவான், ஒலிம்பிக்கில் பற்றாக்குறை வராது என்கிற தோரணையில் பேசினார். 1976 போட்டி தொடங்கியபோது அவருடைய ஸ்டேடியத்தின் கோபுரம் பாதியில் நின்றது. முடித்தது 1987-இல், கடன் தீர்ந்தது 2006-இல். அதற்குப் புகையிலை மேல் தனி வரி போட்டார்கள். சிகரெட் பிடித்தவர்கள் இருமி இருமிக் கட்டிய ஸ்டேடியம் அது.

கே: அப்படியானால் ஓட்டெடுப்பு நடத்தி மக்களையே முடிவு செய்யச் சொல்லலாமே?

ப: செய்கிறார்கள். விலையும் கொடுக்கிறார்கள். சான் டியேகோவில் 2016 நவம்பரில் புது ஸ்டேடியத்துக்காக ஓட்டல் அறை வரியை உயர்த்த மக்கள் மறுத்தார்கள். இரண்டே மாதத்தில், அந்த ஸ்டேடியத்தைக் கேட்ட சார்ஜர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டியது. ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கே ஆடிய அணி. வரியை மறுத்தவர்களிலும் அன்று அழுதவர்கள் இருந்திருப்பார்கள். அணி தனியார் சொத்து, பாசம் மட்டும் பொதுச் சொத்து.

அமெரிக்காவின் கிரீன் பே ஒரு விதிவிலக்கு. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் அந்தச் சின்ன நகரத்தின் பேக்கர்ஸ் அணிக்கு 1923 முதல் ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். பங்குக்கு லாபம் ஒரு காசு கிடையாது. 2000-இல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க அந்த மாவட்ட மக்கள் அரை சதவீத விற்பனை வரிக்கு ஓட்டுப் போட்டார்கள். 2015-இல் அந்த வரியை நிறுத்தியும் விட்டார்கள். போட்ட வரியை நிறுத்திய அரசாங்கம்! அணி ஓடிவிடாது என்று தெரிந்தால் மக்கள் கையை விட்டுச் செலவழிக்கத் தயங்குவதில்லை.

கே: எங்கள் பகுதியில் ஸ்டேடியத்துக்கு இடம் பார்க்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

ப: வண்ணப் படத்தைக் காட்டுவார்கள், அதில் மரம் நிறைய இருக்கும். அதை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். வருடத்தில் எத்தனை நாள் கேட் திறந்திருக்கும்? கூரை ஒழுகினால் யார் செலவு? ஏதோ ஒரு கம்பெனி பெயரை ஸ்டேடியத்துக்கு வைப்பார்களே, அந்தப் பணம் நகரத்துக்கா, அணிக்கா? அணி பாதியில் கிளம்பினால் மிச்சக் கடன் யார் தலையில்? அப்புறம் ஒன்று. காலையில் உங்கள் பிள்ளைகள் உள்ளே போய் ஓட முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் விஷயம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

கே: நீங்கள் மேட்ச் பார்ப்பது கேலரியிலா, வி.ஐ.பி. பாக்ஸிலா?

ப: கேலரிதான். பாக்ஸில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியபோது, என் பக்கத்தில் இருந்தவர் போனில் நிலம் பேசிக்கொண்டிருந்தார். கையால் போனைப் பொத்திக்கொண்டு, "யார் அவுட்?" என்று கேட்டார். நடந்தது கால்பந்து.