வாசித்துக் காட்ட எந்தப் படப்புத்தகம்? கேள்வி பதில்

சிறுவர் நூலகத்தில் கதை வாசிப்பவள் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஆறு வயது வரைக்கும்தான் என் எல்லை. எழுத்துப் பயிற்சி, அபாகஸ் எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

அக்கா, மகளுக்கு எட்டு மாதம். இப்போதே புத்தகம் வாங்கலாமா?

வாங்கலாம். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014-லேயே சொல்லிவிட்டது. தடித்த அட்டைப் பக்கம், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், மழுங்கிய முனை. கடிப்பாள், கடிக்கட்டும்.

மூன்று வயது மகன். கடையில் நூறு புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள். நல்லதை எப்படித் தெரிந்துகொள்வது?

உரையைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை பாதியாவது பிடிபட வேண்டும். பிறகு உரையைப் படியுங்கள். படம் காட்டியதையே உரையும் ஒப்பித்தால் கீழே வைத்துவிடுங்கள். பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸிஸ் வாக்’ என்ற ஆங்கிலப் படப்புத்தகம் 1968-ல் வந்தது. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்புகிறது. உரை சொல்வது அவ்வளவுதான். படத்திலோ அதன் பின்னாலேயே ஒரு நரி. பாயும்போதெல்லாம் குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தேனீயிடம் மாட்டுகிறது. உரையில் நரி என்ற சொல்லே கிடையாது. படிக்கிற அப்பா கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, மடியில் இருக்கும் பிள்ளை “நரி, நரி!” என்று கத்தும்.

அடுத்து, கடையில் நின்றபடியே இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். வெட்கம் வேண்டாம். கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும் வாக்கியம் நாக்கில் இடறும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள். படப்புத்தகத்தில் பக்கம் திருப்பும் இடம்தான் திரை விலகும் இடம். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுவதால், கட்டிலுக்கு அடியில் இருந்ததை மட்டும் சொல்லாமல் நிறுத்த முடியும், திருப்பினால் புலி. தமிழில் “கட்டிலுக்கு அடியில் ஒரு புலி படுத்திருந்தது” என்று எழுதினால் படம் வருவதற்குள் புலி குதித்துவிடுகிறது. கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் “கட்டிலுக்கு அடியில் யார்?” என்று கேட்டு நிறுத்துவார். சோம்பேறியோ “கட்டிலுக்கு அடியில் இருந்தது ஒரு…” என்று தொங்கவிடுவார். அந்த இரண்டாமவரின் புத்தகத்தை வாங்காதீர்கள்.

நீதிக்கதைப் புத்தகங்கள் நல்லவைதானே?

கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி ‘நீதி’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். முயலோ ஆமையோ, பிள்ளை எதைக் கண்டுகொள்கிறதோ அதுவே போதும்.

அம்மா, ஒன்றரை வயதுக்குப் புத்தகம் சீக்கிரமில்லையா?

முதல் பதில்.

புத்தகத்தில் ‘சென்றான்’, ‘கூறினாள்’ என்றெல்லாம் இருக்கிறது. மகனுக்குப் புரியவில்லை. பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லலாமா? (கோவை)

கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். பாத்திரங்கள் பேசும் இடத்தை உங்கள் வீட்டுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரியை மட்டும் மாற்றவே கூடாது. நான்காம் நாள் அதைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்லும். நீங்கள் வேறு மாதிரிச் சொன்னால் திருத்தும்.

நான் தமிழாசிரியர், நெல்லை. ஒரு வரியையும் மாற்றக் கூடாது. பள்ளிக்கு வரும்போது பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் அந்நியமாக இருப்பதற்கு இப்படி மாற்றுகிற பெற்றோரே காரணம்.

பாதி ஒப்புக்கொள்கிறேன், ஐயா. முதல் வகுப்பில் உட்காரும் பிள்ளையின் காதில் ‘இருக்கிறது’, ‘போகிறது’ முன்பே விழுந்திருக்க வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியை எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. ஆகவே பெரும்பாலும் அது அம்மாவோ தாத்தாவோ வாசிக்கும் கதை வழியாகத்தான் விழ வேண்டும். அதனால்தான் கதை வரிகளைத் தொடாதீர்கள் என்றேன். ஆனால் தேனீ கொட்டிய நரி “ஐயகோ, வலிக்கின்றதே” என்றா அலறும்? அந்த இடத்தில் பிள்ளை சிரிக்காது, எழுந்து போய்விடும். எழுந்து போன பிள்ளைக்கு எந்தத் தமிழைக் கற்றுக்கொடுப்பீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து: எங்கள் வீட்டில் புழக்கம் முழுக்க ஆங்கிலம். மகளுக்குப் பேச்சுத் தமிழே புதிது. எங்களுக்கும் இதே விதியா?

இல்லை. உங்களுக்கு முதலில் பேச்சுத் தமிழ்தான் வேண்டும். படத்தைக் காட்டி, புத்தகத்தை ஓரமாக வைத்து, உங்கள் வாய்க்கு வருகிற தமிழில் கதையைச் சொல்லுங்கள். அச்சில் உள்ளதைச் சில மாதங்கள் கழித்து வாசித்தால் போதும். நெல்லை ஆசிரியர் கோபிப்பார்.

கோபிக்கிறேன். அப்புறம் புத்தகம் எதற்கு? (நெல்லை)

படத்துக்கு, ஐயா. பெயரே படப்புத்தகம்.

இரண்டரை வயது. இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. எந்தப் புத்தகம் வாசித்தால் பேச்சு வரும்?

புத்தகக் கடைக்கு முன்னால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். வாசிப்பதும் கூடவே நடக்கட்டும்.

ஒரே புத்தகத்தைத் தினமும் கேட்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது.

அவளுக்கு அலுக்கவில்லை. வாசியுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

மேலே ஏறிப் பாருங்கள். தயவுசெய்து.

ஒரு புத்தகம் இருநூறு ரூபாய் என்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை.

நியாயம்தான். வண்ண அச்சு, கனத் தாள், குறைந்த பிரதிகள்; விலை ஏறத்தான் செய்யும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்; வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் தொடங்குங்கள், முடிந்தால் அச்செடுத்துத் தைத்துவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் குழந்தை நூல்கள் மலிவு. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகத்தைப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் சிறுவர் பிரிவு உண்டு. எங்கே எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.