உள்ளங்கைக்குள் ஒரு இராமாயணம்

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு மகனுடன் தஞ்சை வருகிறோம். பெரிய கோயிலும் தாராசுரமும் பார்த்தாகிவிட்டது. கூட்டமில்லாத சிறிய ஊர் ஒன்றைச் சொல்வீர்களா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: புள்ளமங்கைக்குப் போய் வாருங்கள், சகோதரி. தஞ்சையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் ஏறி, அய்யம்பேட்டைக்கு முன்னால் பசுபதிகோயிலில் இறங்க வேண்டும். 'ஆலந்துறைநாதர் கோயில்' என்று கேட்டால் வழி சொல்வார்கள். குடமுருட்டிக் கரையில் இருக்கும் இந்த ஊரைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார்.

சிறு வயதில் அத்தையோடு போயிருக்கிறேன். அப்போது பிரசாதம் ஒன்றே நினைவில் நின்றது. நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் போனபோதுதான் கருவறைச் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தேன். வரிசையாகச் சின்னஞ்சிறு சிற்பங்கள். ஒன்றின் அருகே கையை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அத்தனை சிறிய கல்லில் வில் வளைகிறது, இடுப்பு ஒசிகிறது, துணியின் மடிப்புத் தெரிகிறது. இராமாயணக் காட்சிகளை இப்படித் துண்டு துண்டாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்று முழங்கால் வலியையும் மறந்து ஒரு மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் (907–955) காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உண்டு. 1010-இல் முடிந்த பெரிய கோயிலுக்கு இது மூத்தது. பிரம்மாண்டத்தைக் கண்டு வியந்த பிள்ளைக்கு, அதே சோழ நாட்டு உளி எவ்வளவு நுணுக்கமாகவும் பேசும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பூதகணங்கள் சூழ்ந்த பிள்ளையாரையும், எருமைத்தலை மேல் நிற்கும் துர்க்கையையும் தவறவிடாதீர்கள். துர்க்கையின் இருபுறமும் சிங்கமும் மானும் இருக்கும். மகனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நேரமிருந்தால் பக்கத்து ஊர்களுக்கும் போகலாம். சக்கரமங்கை, அரிமங்கை, சூலமங்கை, நந்திமங்கை, பசுமங்கை, தாழமங்கை, புள்ளமங்கை ஆகிய ஏழும் சப்தமங்கைத் தலங்கள். பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே பாட்டுப்போல இருக்கிறது!

காலையிலேயே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் சிற்பங்கள் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் கல் தட்டையாகிவிடும். ஒரு வேண்டுகோள்: எண்ணெய்க் கையால் அவற்றைத் தொட வேண்டாம். ஆயிரம் ஆண்டு தாங்கிய விரல்களும் மூக்குகளும் நம் கை பட்டுத் தேயக்கூடாது. மகனிடம் ஒரு பென்சிலும் ஓவியத் தாளும் கொடுத்து, பிடித்த ஒரு சிற்பத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்பி வையுங்கள்.