காப்பித் தோட்டத்தை விற்க வேண்டாம், கடை வாடகையைக் கணக்கில் வாங்குங்கள்

கேள்வி: நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர், மாதச் சம்பளம் 32,000 ரூபாய். தை மாதம் எனக்குத் திருமணம் நடந்தது, பதிவும் செய்துவிட்டோம். கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். லெஸ்டரில் ஒரு கிடங்கில் இரண்டு வருடமாக வேலை, ஆண்டுச் சம்பளம் 25,500 பவுண்டு. மனைவி விசாவுக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும் என்கிறார்கள். 3,500 இடிக்கிறது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா பெயரில் உள்ள காப்பித் தோட்டத்தை விற்றுப் பணம் காட்டலாம் என்று அப்பா சொல்கிறார். ஆடி கழிந்ததும் அட்வான்ஸ் வாங்கப் போகிறார். லெஸ்டரில் சொந்த வீட்டில் இருக்கும் மாமா, தானே ஸ்பான்சர் செய்வதாகச் சொல்கிறார். இங்குள்ள ஏஜென்ட் ஒருவர், கணக்கில் 28 நாள் பணம் நின்றால் போதும், அதைத் தாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம் என்கிறார். சிவதாபுரத்தில் பாட்டி 2021-ல் எனக்கு எழுதி வைத்த இரண்டு கடைகள் உள்ளன. கொலுசுப் பட்டறை வாடகை 22,000 ஒன்றரை வருடமாக என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஜெராக்ஸ் கடை வாடகை 12,000 அப்பா கையில் ரொக்கமாக. என் பெயரில் 15 லட்சம் ரூபாய் எஃப்.டி. உண்டு. நான் வேலையை விட்டுவிடலாமா? தோட்டத்தை விற்கலாமா?

பதில்: முதலில் அப்பாவிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். உங்களுக்குத் தேவையான வருமானம் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. போகிற போக்கில் கடைசி வரிகளில் நீங்கள் எழுதிய அந்த இரண்டு கடைகளும் எஃப்.டி.யும்தான் இந்த வழக்கின் உயிர்.

பிரிட்டனில் 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆனது. அதில் யாருடைய வருமானம் சேரும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். உங்கள் கணவர் அங்கே வாங்கும் சம்பளம் சேரும். நீங்கள் சேலத்தில் வாங்கும் சம்பளம் சேராது. அது 32,000 ஆனாலும் சரி, 3 லட்சம் ஆனாலும் சரி. மனைவியின் சம்பளத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அவர் ஏற்கெனவே பிரிட்டனில் வேலை செய்யும் அனுமதியோடு இருக்க வேண்டும். அதனால் நீங்கள் வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் கணக்கு மாறாது. விசா கைக்கு வரும்வரை விட வேண்டாம் என்பது என் யோசனை. விண்ணப்பக் கட்டணம் தவிர, உடல்நலச் சர்சார்ஜ் மட்டும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் மொத்தமாக 3,105 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்தச் செலவுக்கெல்லாம் உங்கள் சம்பளம் தேவைப்படும்.

ஆனால் சம்பளம் அல்லாத சில வருமானங்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தக் கட்டடத்தின் வாடகை, சேமிப்புக்கான வட்டி, பங்கு ஈவுத்தொகை ஆகியவை மனைவியுடையதாக இருந்தாலும், சொத்து இந்தியாவில் இருந்தாலும், கணக்கில் சேரும். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தச் சொத்து உங்களுடையதாகவே இருக்கவும் வேண்டும். அவ்வளவுதான்.

சரி, கூட்டிப் பார்ப்போம். பவுண்டை 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கொலுசுப் பட்டறை வாடகை ஆண்டுக்கு 2,64,000 ரூபாய், அதாவது 2,200 பவுண்டு. எஃப்.டி. வட்டி 7 சதவீதம் என்றால் 1,05,000 ரூபாய். வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்ததாகவே கணக்கிடுவோம், 94,500 நிற்கும், 787 பவுண்டு. கணவரின் 25,500-ஓடு சேர்த்தால் 28,487. இன்னும் 513 பவுண்டுதான் குறை. ஜெராக்ஸ் கடை வாடகை மாதம் 100 பவுண்டு. அது 6 மாதம் உங்கள் கணக்கில் வந்துவிட்டால் 29,087 ஆகிவிடும்.

6 மாதத்திலேயே விண்ணப்பித்துவிடலாமா என்றால், நான் 8 மாதம் என்பேன். ரூபாயில் வரும் வருமானத்தை விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பவுண்டாக்குவார்கள். ரூபாய் கொஞ்சம் சரிந்தாலும் 87 பவுண்டு உபரி காணாமல் போய்விடும். 8 மாத வாடகை இருந்தால் மொத்தம் 29,287. பவுண்டு 129 ரூபாய்க்குப் போனாலும் நீங்கள் தாண்டிவிடுவீர்கள்.

எஃப்.டி.யைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் இடறி விழும் இடம் அது. சேமிப்பைக் காட்டிக் குறையை ஈடுகட்டுவதற்கும் விதியில் இடம் உண்டு. ஆனால் முதல் 16,000 பவுண்டை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு மேல் உள்ளதில்தான், குறையைப் போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். உங்கள் 3,500 குறைக்கு 8,750, அதோடு 16,000, ஆக 24,750 பவுண்டு. கிட்டத்தட்ட 30 லட்சம் ரூபாய். குறை வெறும் 10 பவுண்டாக இருந்தாலும் கணக்கு 16,000-லிருந்துதான் தொடங்கும். உங்கள் 15 லட்சம் 12,500 பவுண்டுதான், ஆகவே சேமிப்பு என்ற முறையில் அதற்கு மதிப்பு சுழியம். அதே பணத்தின் வட்டி, வருமானம் என்ற தலைப்பில் முழுசாக உதவுகிறது. அதனால் எஃப்.டி.யை உடைக்காதீர்கள். வட்டி மூன்று மாதத்துக்கொரு முறை உங்கள் சேமிப்புக் கணக்கில் வரவாகிறதா, அல்லது முதிர்வில் மொத்தமாகத் தரும் வகையா என்று வங்கியில் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் வட்டி கணக்கில் வந்ததாகக் காட்ட முடியாது. அப்போது மேலே போட்ட கணக்கு மாறும், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இப்போது தோட்டம். அது அப்பா பெயரில் இருக்கிறது. சொந்தமாக வைத்திருந்த நிலத்தை விற்ற பணத்துக்கு, 6 மாதம் கணக்கில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையில் ஒரு சலுகை உண்டு. ஆனால் அந்த 6 மாதத்தின் தொடக்கத்திலேயே நிலம் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்திருக்க வேண்டும். இன்று அப்பா உங்களுக்கு செட்டில்மென்ட் எழுதி, அடுத்த மாதம் நீங்கள் விற்றால் அந்தச் சலுகை உடனே கிடைக்காது. அப்பாவே விற்றுப் பணத்தை உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தால், அந்த முழுத் தொகையும் 6 மாதம் குறையாமல் உங்கள் கணக்கில் நிற்க வேண்டும். எப்படிப் போனாலும் காத்திருப்புக் குறையப் போவதில்லை. அதற்கு மேல், நம் ஊரில் பத்திரத்தில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாகக் கிரயம் நடக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கையில் வாங்கிய ரொக்கத்துக்குப் பிரிட்டன் அதிகாரியிடம் எந்த ஆதாரத்தைக் காட்டுவீர்கள்? நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே இங்கு வருமான வரிச் சட்டத்துக்கு எதிரானது. மாதம் 100 பவுண்டு விவகாரத்துக்காக, காய்த்து நிற்கிற காப்பியையும் மிளகுக் கொடியையும் ஒரு தகப்பன் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மலையில் விட்ட நிலத்தை அதே விலைக்குத் திரும்ப வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மாமாவின் நல்ல மனசு புரிகிறது, ஆனால் மூன்றாம் நபர் தாங்குகிறேன் என்று தரும் உறுதிமொழியை இந்த விசாவில் வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கடனாகப் பணம் தந்து கணக்கில் வைக்கச் சொன்னாலும் ஆகாது, அது உங்களுக்கே சொந்தமான பணமாக இருக்க வேண்டும். அவர் உதவ வேறு இடம் இருக்கிறது. நீங்கள் இருவரும் தங்கப் போதுமான வீடு உண்டு என்றும் காட்ட வேண்டும். உங்கள் இருவருக்கும் மட்டுமாக ஓர் அறை தன் வீட்டில் தருவதாக மாமா ஒரு கடிதம் தந்து, வீட்டுப் பத்திர நகலையும் இணைத்தால் அந்தப் பகுதி முடிந்தது.

ஏஜென்ட் சொன்ன 28 நாள், மாணவர் விசாவின் விதி. மனைவி விசாவில் சேமிப்பைக் காட்டுவதென்றால் 6 மாதம். விதியை அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பது எனக்கு முக்கியமில்லை. “நாங்களே ஏற்பாடு செய்கிறோம்” என்பதுதான் எனக்குப் பயம். வேறு யாரோ பணத்தைச் சில நாள் உங்கள் கணக்கில் போட்டு எடுப்பதும், பொய்யான வங்கி அறிக்கை தருவதும் பிரிட்டன் சட்டத்தில் ஏமாற்று. கண்டுபிடித்தால் 10 ஆண்டு வரை உங்கள் விண்ணப்பங்களை நிராகரிக்க முடியும். 10 ஆண்டு, அம்மா. கல்யாணமான புதிதில் அந்தப் பிரிவை யாரும் விலைக்கு வாங்கக் கூடாது. அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

அப்புறம், ஜெராக்ஸ் கடை. இதுவரை அப்பா கையில் வாங்கிய வாடகையை இனி எதுவும் செய்ய முடியாது. அவர் நோட்டில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தாலும், கணக்கில் வராத ரொக்கம் வராததுதான். பழைய பாக்கியை மொத்தமாகச் சேர்த்துக் கணக்கில் கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். அடுத்த வாடகையிலிருந்து கடைக்காரர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு ஜிபே-யிலோ காசோலையிலோ அனுப்பட்டும். கொலுசுப் பட்டறை வாடகை வரும் அதே கணக்காக இருந்தால் நல்லது. வாய்மொழி வாடகை என்றால் உடனே ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், பழக்கத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் 12,000 என்றிருந்தால் வங்கியிலும் மாதாமாதம் 12,000 வர வேண்டும். கரண்ட் பில் கழித்துக்கொண்டு 11,340 என்று அனுப்பினால், ஒவ்வொரு மாதத்துக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

பெயர் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாட்டி எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தில் உங்கள் பெயர் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். வங்கியில் மூன்றாவது மாதிரி இருக்கலாம். வெள்ளைக்கார அதிகாரிக்கு நம் இனிஷியல் புரியாது. மூன்றும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் நோட்டரி முன் செய்துகொள்ளுங்கள். செட்டில்மென்ட் பத்திரத்தின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் சொத்து வரி ரசீதும் கூட இருந்தால் பலம். ரசீது இன்னும் பாட்டி பெயரிலேயே வருகிறது என்றால் இந்த 8 மாதத்தில் மாற்றிவிடுங்கள். இரண்டு கடை வாடகையையும் வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள்.

கணவர் பக்கம்: 6 மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களுக்கான வங்கி அறிக்கை, முதலாளியின் கடிதம். கடிதத்தில் ஆண்டுச் சம்பளம், எத்தனை காலமாக வேலை, எத்தனை காலமாக இந்தச் சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற நான்கும் இருக்க வேண்டும். அந்த 6 மாதத்தில் எந்த மாதச் சம்பளம் குறைவோ அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் போடுவார்கள் என்பதால் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் இந்த 8 மாதத்தில் 29,000-க்கு மேல் சம்பளமுள்ள வேலைக்கு மாறினால் அது இன்னும் நல்லது. புது இடத்தில் 6 மாதம் முடிந்தபின் விண்ணப்பித்தால் அவர் சம்பளம் ஒன்றே போதும், கடை வாடகையே தேவைப்படாது. ஆனால் வேலை மாறிய இரண்டாம் மாதமே விண்ணப்பித்தால் கடந்த 12 மாதச் சம்பாத்தியத்தையும் கேட்பார்கள், அதில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த விசா கிடைத்தால் 33 மாதம். முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும், அப்போதும் வருமானம் காட்ட வேண்டும். ஆனால் அதற்குள் நீங்கள் லெஸ்டரில் வேலைக்குப் போயிருப்பீர்கள், உங்கள் அங்கத்திய சம்பளமும் சேரும்.

நான் இந்திய வழக்கறிஞர். பத்திரம், ஒப்பந்தம், பிரமாணம் எல்லாம் நான் பார்த்துத் தர முடியும். பிரிட்டன் விண்ணப்பத்தை, கட்டணம் கட்டுவதற்கு முன்பு, அங்குள்ள சொலிசிட்டரோ குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகரோ ஒருமுறை பார்த்துவிடட்டும். கணவர் லெஸ்டரில் இருக்கிறார், நேரில் போய்ப் பேசலாம். எட்டாவது மாத வாடகை கணக்கில் ஏறியதும், 12 மாத வங்கி அறிக்கையை வங்கி முத்திரையோடு வாங்கி, செட்டில்மென்ட் பத்திரம், இரண்டு வாடகை ஒப்பந்தம், எஃப்.டி. ரசீது, வட்டிச் சான்று, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கணவருக்கு அனுப்பி வையுங்கள்.